பத்து நாட்களுக்குள்

தில்லி மெட்ரோவில் ஜனக்புரி மேற்கில் ஏறி உட்கார்ந்தாயிற்று. இன்னும் பதினெட்டு நிலையம். பதினெட்டாவதில் இறங்கி வெளியே வந்தால் ஆட்டோ, ஆட்டோ இறக்கிவிடும் இடத்தில் கோர்ட், கோர்ட்டில் பதினொரு மணிக்கு என் மகனைக் கூப்பிடுவார்கள். இசக்கிராஜா, தகப்பனார் பெயர் குற்றாலிங்கம், வயது இருபத்தேழு, ஊர் தென்காசி. தகப்பனார் நான்தான். கம்ப்யூட்டருக்குள் புகுந்து களவு செய்தான், மிரட்டினான், ஆகவே அவனை எங்களிடம் ஒப்படையுங்கள், எங்கள் மண்ணில் வைத்து விசாரிக்கிறோம் என்று ஒரு நாடு கேட்டிருக்கிறது. அந்த நாட்டின் பேரை நாங்கள் வீட்டில் சொல்வதில்லை, சொல்லாவிட்டால் அது கொஞ்சம் தள்ளியே நிற்கும் என்று உலகம்மாளுக்கு ஒரு நினைப்பு, முப்பது வருஷம் கூடவே வாழ்ந்ததில் எனக்கும் அது தொற்றிவிட்டது. அனுப்பலாமா கூடாதா என்று இன்றைக்கு வாதம் முடிகிறது. அனுப்பினால் எத்தனை வருஷம் என்று வக்கீலம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன். ஒரு எண்ணைச் சொன்னார். அதை என் வயதோடு கூட்டிப் பார்த்தேன், பிறகு எதையும் கேட்கவில்லை. உலகம்மாள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தூக்கம் இல்லை, உதடு அசைகிறது. எதிரே ஒரு பெண் கைக்கண்ணாடியில் பார்த்து மை தீட்டுகிறாள், ரயில் குலுங்கும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்து மறுபடி தீட்டுகிறாள், என்ன ஒரு நிதானம். எனக்கு அது கிடையாது. எனக்கு ஒரு பாரா தொண்டையில் நிற்கிறது.

அந்தப் பாரா, என் மகன் பேரில் போன கடிதத்தில், இங்கிலீஷில்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்குள் தமிழில்தான் ஓடும். இக்கடிதம் கிடைத்த பத்து நாட்களுக்குள் உரிய நடவடிக்கை எடுத்து விவரம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது, தவறும் பட்சத்தில் மேல் நடவடிக்கை தொடரப்படும். எவ்வளவு கச்சிதம் பாருங்கள். தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டினேன், எந்தத் தாலுகா என்று சொல்ல வேண்டாம், இந்தப் பாரா இல்லாமல் என் மேஜையை விட்டு ஒரு கடிதம் வெளியே போனதில்லை. குழாய் உடைந்ததற்கு எழுதினேன், கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டியதற்கு எழுதினேன், பள்ளிக்கூடச் சுவர் சாய்ந்ததற்கு எழுதினேன். பத்து நாள் போகும், பதில் வராது, நினைவூட்டு ஒன்று போகும், பிறகு நினைவூட்டு இரண்டு போகும், அதற்குள் அங்கே இருந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார். மேல் நடவடிக்கை என்றால் என்ன நடவடிக்கை ஐயா என்று எந்தத் தாசில்தாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். அது யாரையும் பயமுறுத்தியதே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியைப் பயமுறுத்திவிட்டது. அந்த ஊர் வக்கீல்கள் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, கெடு வைத்து மிரட்டல் என்று விளக்கம் எழுதி, அதையே முதல் பக்கமாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் என் வரி. சர்வீஸில் இருந்தவரை ஒரு நாளும் கிடைக்காத மரியாதை.

திலக் நகர். இங்கே இறங்கினால்தான் திஹார் ஜெயில், போன மாதம் இறங்கினோம், அதற்கு முந்தின மாதமும். இந்நேரம் அவனை வேனில் ஏற்றியிருப்பார்கள். வேன் கீழே ரோட்டில் போகும், நாங்கள் மேலே பாலத்தில் போகிறோம், ஒரே இடத்துக்குத்தான். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன், எத்தனையோ வேன்கள், எதில் என்று நான் எங்கே கண்டேன். சாப்பிட்டிருப்பானா. அங்கே காலையில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு, "எல்லாம் நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றான், பிள்ளைகள் அப்படிச் சொன்னால் நன்றாக இல்லை என்றுதான் அர்த்தம். அவனைப் பிடித்ததற்கு முந்தின வருஷம் பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வந்திருந்தான், சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட்டுவிட்டு வந்து, மத்தியானம் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தான். "யப்பா, ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளி விவரமெல்லாம் வச்சுக் குடுக்கான். அவன் பூட்டு சரியில்ல. மேல இருக்க அட்ரஸ்ல கடைசி நம்பரை மாத்துனா அடுத்த ஆளோட சீட்டு வந்து நிக்குது. யாரு வேணாலும் பாக்கலாம்." நீ எதற்குடா பார்த்தாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பூட்டு ஆடுகிறதா என்று பார்ப்பதுதான் சென்னையில் அவன் பிழைப்பு, காசு கொடுத்துக் கூப்பிடுகிறவர்களுக்குப் பார்ப்பான், இதை யாரும் கூப்பிடாமல் பார்த்துவிட்டான். அது தப்பு. அவனே ஒப்புக்கொள்கிறான். "அவங்களுக்கு ரெண்டு வரி மெயில் போட்டுட்டு விட்டுரலாம்னு இருக்கேன்" என்றான். ரெண்டு வரி! எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு வரியில் என்னத்தைச் சொல்ல முடியும், ரெண்டு வரியை எவன் படிப்பான். "முறையா ஒரு மனு எழுதுவோம்லே, கம்ப்யூட்டரத் தொற" என்றேன்.

சுபாஷ் நகர், தாகூர் கார்டன், கூட்டம் ஏறுகிறது, ஒருவருடைய பை என் முகத்தில் இடிக்கிறது, இடிக்கட்டும். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம், தெருக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் மனுவைத் தவிர வேறு எழுத்து இல்லை. பெற்ற பிள்ளை, லேப்டாப்பை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றி வருகிறவன், நான் சொல்லச் சொல்ல அடித்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. கதவு எண், தெரு, பின்கோடு, தகப்பனார் பெயர். "இதெல்லாம் அவங்களுக்கு எதுக்குப்பா?" என்று சிரித்தான். "ஒளிஞ்சுக்கிட்டா எழுதுத? நேர்மையா எழுதுதவன் விலாசம் போடுவான்" என்றேன். போலீஸ் நேரே அந்தக் கதவு எண்ணுக்குத்தான் வந்தது, அலைய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிறகு அந்தப் பாரா. பிறகு நகல்கள்: கம்பெனித் தலைவருக்கு, அந்த நாட்டுச் சுகாதாரத் துறைக்கு, இரண்டு பத்திரிகைகளுக்கு. நகல் போகாத மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள், பத்திரிகை என்று ஒரு வார்த்தை கடைசியில் கிடந்தால்தான் மேலே உள்ளவன் நிமிர்ந்து உட்காருவான், எங்கள் பக்கம் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியைப் பற்றிய மனுவுக்குக்கூடப் பத்திரிகைக்கு நகல் உண்டு, எந்தப் பத்திரிகையும் போட்டதில்லை. அவன் சென்னைக்குப் போன பிறகும் விட்டேனா, பத்து நாளைக்கு ஒரு தடவை போன் செய்து, "நினைவூட்டு போட்டியாலே?" மூன்று நினைவூட்டு. அப்பா சந்தோஷத்துக்காகப் போட்டிருக்கிறான். அங்கே அதை எண்ணி, ஒரு தடவை அல்ல, நான்கு தடவை மிரட்டினான் என்கிறார்கள்.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியவில்லை, அதுதான் சங்கடம். ரமேஷ் நகர் என்கிறது ஒலிபெருக்கி, எங்கே போனாலும் ஒரு ரமேஷ். எங்கள் தெருவில் எஸ்தர் டீச்சர் இருக்கிறார், தனியாள், அவர் கம்ப்யூட்டரில் எவனோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு புகுந்து, அவர் வீட்டுப் படங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, வெளியிடுவேன் வெளியிடுவேன் என்று மாதக்கணக்கில் ஆட்டி வைத்தான். டீச்சர் சாப்பாட்டை விட்டார், சர்ச்சுக்குப் போவதை விட்டார். அன்றைக்கு எஸ்.பி.க்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான், டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் எந்த நாட்டுல கிடந்தாலும் இழுத்துட்டு வந்து இங்க நிறுத்தணும் டீச்சர்" என்று சத்தம் போட்டவனும் நான்தான். இழுத்து வந்து நிறுத்த வேண்டும் என்று இப்போது என் மகனைப் பற்றி ஒருவன் அங்கே சத்தம் போடுகிறான். அவனுக்கும் பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கலாம், அந்தச் சீட்டுகளில் அவள் வியாதியும் இருந்திருக்கலாம். அப்படியானால் அனுப்பத்தான் வேண்டுமா. இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குத் தலை சுற்றும், அவனைப் பிடித்துப்போனதிலிருந்து எட்டு மாதமாக இதே இடத்தில்தான் சுற்றுகிறது. குற்றம் செய்தவன் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நின்று பழிப்புக் காட்டக் கூடாது, சரி. ஆனால் ஒருவனை எங்கே வைத்து விசாரிப்பது? அவன் என்ன செய்தான் என்பது விளங்குகிற இடத்தில் அல்லவா? அந்த ஊர் நீதிபதி நல்லவராகவே இருக்கட்டும், பத்து நாட்களுக்குள் என்பதை அவர் எப்படிப் படிப்பார், பதில் வராத கடிதங்களுக்கு நினைவூட்டு எழுதியே ஆயுசைக் கழித்த ஒரு கூட்டம் இங்கே இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வார். யார் சொல்வார் என்றால், நான் சொல்ல வேண்டும். இங்கே உள்ள நீதிபதிக்கே நான் இன்னும் சொல்லவில்லை.

பட்டேல் நகர். உலகம்மாள் கண்ணைத் திறந்து, "எத்தன ஸ்டேஷன் இருக்கு?" என்றாள். எட்டு என்றேன். "தண்ணி குடிக்கீளா?" வேண்டாம் என்றேன். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கடிதத்தைச் சொல்லி எழுத வைத்தது நான் என்று இவளுக்கும் தெரியாது. ஜெயிலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, இவள் மூக்கைத் துடைக்கத் திரும்பிய நேரம் பார்த்து, வேகமாகச் சொன்னான். "யப்பா, அந்த லெட்டர நான் எழுதுனேன்னுதான் சொல்லிருக்கேன். அப்படியே இருக்கட்டும். நீங்க வாயத் தொறந்தா உங்களையும் சேத்துக் கேப்பான். அம்மாவுக்கு ஒரு ஆளாவது வெளிய வேணும்." நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. எவ்வளவு சுலபமாகத் தலை ஆடியது என்று நினைத்தால் கழுத்தையே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வக்கீல் சாருலதா, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை, கோப்பை மூடி வைத்துவிட்டு அலுப்போடு சொன்னார். "பூட்டைத் தள்ளிப் பார்த்தது இங்கேயும் குத்தம்தான் சார், அதை இங்கேயே விசாரிக்கலாம்னு என்னால வாதாட முடியும். மிரட்டல்தான் இடிக்கறது. இப்படி எழுதறது நம்ம ஊர் வழக்கம், மிரட்டல் இல்லைன்னு நான் சொன்னா அது வெறும் வாதம். சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். அவனுக்கு யார் இந்த மாதிரி எழுதக் கத்துக் குடுத்தா?" நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான் என்றேன்.

பள்ளிக்கூடமாம். சரி, அந்தப் பாராவை ஒப்புக்கொண்டுவிடலாம், அது வெறும் சம்பிரதாயம், அதைச் சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம், இன்றைக்குப் போனதும் சொல்லிவிடலாம், நகல் விஷயத்தையும் சொல்லிவிடலாம், நினைவூட்டையும். இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் தைரியமாகப் புறப்படுவேன், புறப்பட்டுப் போய் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன். ராஜேந்திர பிளேஸ். ஏன் திரும்புகிறேன் என்று எனக்குத் தெரியும், தெரியாதது போல இருந்துவிடுவேன். பாரா இல்லை. இணைப்பு. இதோ, சொல்லியாயிற்று, மனசுக்குள்தான், இருந்தாலும் சொல்லியாயிற்று. மனு முடிந்து, இப்படிக்கு என்று போட்டு, அதற்குக் கீழே இடது பக்கம் இணைப்பு என்று அடிக்கச் சொன்னேன். அவன் ஒருவருடைய சீட்டை மட்டும் வைத்திருந்தான், பேரை மறைத்துவிட்டு. "ஒண்ணு போதும்ப்பா. அதுக்கு மேல எடுக்கக் கூடாது, எங்க தொழில்ல அது ஒரு கட்டுப்பாடு" என்றான். எவ்வளவு தெளிவாகச் சொன்னான். நான்தான், "ஒண்ணுன்னா தற்செயல்ம்பான், நாப்பதுன்னா வாய மூடிட்டு நம்புவான். இணைப்பு பலமா இல்லாத மனு குப்பைக்குத்தாம்லே போவும்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து எண்ணை மாற்றி மாற்றி நாற்பது பேருடைய சீட்டையும் எடுத்தான். இணைப்பு, நாற்பது பக்கங்கள். அங்கே அதற்குப் பேர் களவு. வியாதிக்காரர்கள் நாற்பது பேர், அவர்கள் என்னை என்ன செய்தார்கள்? எனக்கு அன்றைக்கு அவர்கள் பக்கங்களாக மட்டும்தான் தெரிந்தார்கள்.

கரோல் பாக். பாதிக் கூட்டம் இறங்கி, அதே அளவு ஏறியது. ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு, நான் வரைவு எழுதுவேன், அதிகாரி கையெழுத்துப் போடுவார், பிறகு ஏதாவது தப்பாகிப் போனால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதினவனை யாரும் கூப்பிடுவதில்லை. அப்படி ஒரு இரண்டு மூன்று பேர் என் வரைவுக்காகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள், நான் அடுத்த மேஜையில் குனிந்து உட்கார்ந்திருப்பேன், அதில் எனக்கு உறுத்தல் இருந்ததில்லை, அதுதான் முறை என்று இருந்தேன். அதையேதான் எட்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டவன் நான் பெற்ற பிள்ளை. அவன் திட்டு வாங்கவில்லை, ஜெயிலில் இருக்கிறான். நான் சட்டைப்பைக்குள் கையை விட்டபோது, எடுக்கப் போவது போன்தான் என்று எனக்கே நிச்சயமில்லை. போன்தான் வந்தது. இரண்டு தடவை தப்பான பேரை அமுக்கினேன். மூன்றாம் தடவை வக்கீலம்மா எடுத்தார்.

"மேடம், குற்றாலிங்கம் பேசுதேன்." கிளம்பிட்டீங்களா சார் என்றார். "கிளம்பியாச்சு. அந்த லெட்டர எழுதுனது நான்." ரயில் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். "பத்து நாளுன்னு போட்டது நான். பேப்பருக்கு நகல் போடச் சொன்னது நான். மூணு நினைவூட்டும் நான் சொல்லித்தான் போட்டான். நாப்பது பேரு சீட்ட எடுக்கச் சொன்னதும் நாந்தான் மேடம், அவன் ஒண்ணு போதும்னான், கேக்கல நான்." பெட்டியே திரும்பிப் பார்த்தது. மை தீட்டிய பெண்ணும் பார்த்தாள். யாருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஒருத்தியைத் தவிர, அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. "எட்டு மாசமா ஏன் சார் சொல்லல?" என்றார் வக்கீலம்மா. ஆயிரம் காரணம் தயாராக வைத்திருந்தேன், பென்ஷன், மகன் தடுத்தது, உலகம்மாள் தனியாகிவிடுவாள். "பயம்" என்றேன். "கூண்டுல ஏறி இதைச் சொல்லுவீங்களா?" சொல்வேன் என்றேன். "யோசிச்சுக்கோங்க சார். இதைச் சொன்னா அவங்க உங்களையும் அனுப்புன்னு கேட்கலாம்." "கேக்கட்டும் மேடம். நேர்ல போயி அந்த ஜட்ஜுக்கு மனு எழுதுத முறைய நானே சொல்லிக் குடுக்கேன்." அவர் சிரித்துவிட்டார். எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளை சிரித்து நான் கேட்டதில்லை. இதே பாரா உள்ள பழைய கடிதங்கள் கிடைக்குமா என்றார். கிடைக்குமாவா? நம் மாநிலத்தில் எந்தத் தாலுகா ஆபீஸ் பதிவறையைத் திறந்தாலும் மூட்டை மூட்டையாக விழும், தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே மனுப் போடுகிறேன் என்றேன். "நீங்க போடாதீங்க, நான் போட்டுக்கறேன்" என்றார் அவசரமாக. பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "நான் ஒரு வாரம் அவகாசம் கேட்கறேன். கொடுப்பாங்க. நேத்து வரைக்கும் என் கையில ஒண்ணுமே இல்ல சார். இன்னிக்கு ஒரு ஆள் இருக்கார். சீக்கிரம் வாங்க."

ராஜீவ் சௌக் தாண்டியது. ரயில் தரைக்குள் இறங்கிவிட்டது, ஜன்னலில் உலகம்மாள் முகம் தெரிந்தது, முன்னால் பார்த்தபடியே இருந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. மண்டி ஹவுஸ் வந்தபோது, "நாப்பது பேருன்னு நீங்கதான் சொன்னீளா?" என்றாள். ஆமாம் என்றேன். "அந்தப் பிள்ள ஒத்தையில சொமந்துட்டுக் கெடந்துருக்கான். எங்கிட்டக்கூடச் சொல்லல." ஆமாம். "நீங்களும் சொல்லல." எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை, யார் பார்த்தால் என்ன. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய், ஆனால் இத்தனை நாளாக அது என்னை உட்கார வைத்திருந்தது, இப்போது எழுந்திரு எழுந்திரு என்கிறது. அனுப்பிவிடவும் கூடும். என்னையும் கேட்கவும் கூடும். ஆனாலும் இன்றைக்கு அந்தக் கோர்ட்டில் என் மகன் தனியாக நிற்க மாட்டான், அது எனக்கு இப்போதே தெரிந்துவிட்டது, அதை இனி எந்த நாடும் மாற்ற முடியாது. ரயில் வெளிச்சத்துக்கு ஏறி நின்றது. உலகம்மாள் முதலில் எழுந்தாள். என் கைக்கட்டை விரலைப் பிடித்தாளா மணிக்கட்டைப் பிடித்தாளா என்று தெரியவில்லை, பிடித்த பிடியில் வலித்தது, கோபம் எல்லாம் அதில்தான் இருந்தது, ஆனால் விடவில்லை. நடைமேடையில் என்னை இழுத்துக்கொண்டே, "முட்டி வலிக்கும், மெதுவா வாங்க" என்றாள், அடுத்த மூச்சில், "வேன் வாரதுக்கு முன்னால போயி நிக்கணும், அவன் எறங்கையில நீங்க அங்க இருக்கணும்" என்றாள். நான் மெதுவாகப் போகவில்லை.